ஐம்பத்திரண்டு பாட்டும் ஒரு சுருள் பிலிமும்

ஐந்து மணி நேர நாடகத்தை இரண்டு மணி நேரப் படமாகச் சுருக்க ஒரு கத்தரிக்கோல் போதும் என்றுதான் நினைத்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இன்டர்மீடியட்டைப் பாதியில் விட்டுவிட்டு விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டிருந்தேன். வீடு திண்டிவனம், அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம் என்பதால் போக வரக் கவலையில்லை. கடலூர் கலெக்டர் ஆபீஸில் ஒரு நாற்காலி எனக்காகக் காத்திருப்பதாக அப்பா நம்பினார். எனக்கு அந்த நாற்காலியில் அக்கறையே இல்லை. ஸ்டேஷன் புத்தகக் கடையில் இங்கிலீஷ் சினிமாப் பத்திரிகைகளை நின்றபடியே படித்து முடித்துவிட்டு, வாங்காமல் நகர்ந்துவிடுவேன். "தம்பி, எச்சில் தொட்டுப் புரட்டாத, அது விக்கிற சரக்கு" என்பார் கடைக்காரர்.

ஒருநாள் மத்தியானம் இன்ஸ்டிடியூட் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி முதலாளி. யுத்தத்தில் எண்ணெய் விலை ஏறியதில் அவருக்கும் ஏறுமுகம். உள்ளே வந்து, டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "பேசறப்பவே எழுதற ஆளு யாரு இங்க?" என்றார்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"எவ்ளோ ஜல்தியா எழுதுவ?"

"நீங்க எவ்ளோ ஜல்தியா பேசினாலும் எழுதுவேனுங்க."

"நான் பேசறது கெடக்கட்டும். ஓடக்காரி பேசறத எழுதுவியா?"

இன்ஸ்டிடியூட்டே சிரித்துவிட்டது. ஏனென்றால் ஓடக்காரியை அறியாதவர் அங்கே யாருமில்லை. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சக்கைப்போடு போட்ட நாடகம் அது. கதை ஒரு கைப்பிடிதான். நாட்டை இழந்த ராஜா மாறுவேஷத்தில் ஆற்றங்கரைக்கு வருகிறான். ஓடக்காரி கூலி கேட்கிறாள். அவனிடம் காசில்லை, வாய் மட்டும் இருக்கிறது. இருவருக்கும் தர்க்கம் மூள்கிறது. தர்க்கம் முற்றிக் காதலாகிறது. பிறகு நாடு திரும்பக் கிடைக்கிறது, கல்யாணம். இதற்கு ஐம்பத்திரண்டு பாட்டு. முதலாளி இருபது தடவைக்கு மேல் பார்த்திருந்தார். இருபத்தோராவது தடவை பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது வண்டியிலேயே தீர்மானம் செய்துவிட்டாராம்: இதை டாக்கிப் படமாக எடுக்க வேண்டியதுதான்.

சிக்கல் ஒன்றுதான். நாடகம் காகிதத்தில் இல்லை. அது ஸ்பெஷல் நாடகம். நடிகர்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். நாடகம் எந்த ஊரோ அந்த ஊருக்கு நேரே வந்து, வேஷம் கட்டி, மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டு அவரவருக்குத் தெரியும், மிச்சத்தை ஆர்மோனியக்காரர் பார்த்துக்கொள்வார். பட்டணத்திலிருந்து வரப்போகும் டைரக்டரோ, "ஸ்கிரிப்ட் எங்கே?" என்று கடிதம் போட்டிருந்தார். அந்த ஸ்கிரிப்டைப் பிடித்துத் தருவதுதான் என் வேலை.

விழுப்புரத்தில் மூன்று நாள் ஆட்டம். மேடைக்குப் பக்கத்தில், ஆர்மோனியக்காரரின் முழங்கைக்குக் கீழே எனக்கு ஒரு பலகை போட்டார்கள். ஐந்து நோட்டுப் புத்தகம் நிரம்பியது. அதை நான் நல்ல தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனபோது, பட்டணத்து டைரக்டர் முதலாளியின் மண்டி மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கறுப்புக் கண்ணாடி, விரலிடுக்கில் அணைந்துபோன சிகரெட். பத்துப் பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னப்பா இது? ஒரே பாட்டு மூணு தரம் எழுதியிருக்கே?"

"ஜனங்க ஒன்ஸ் மோர் கேட்டாங்க சார்."

"கேட்டா?"

"பாடினாங்க. நான் எழுதிட்டேன்."

முதலாளி பக்கத்திலிருந்து, "புள்ள ஒண்ணத்தையும் உடலைங்க" என்றார் பெருமையாக. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் எண்ணினேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, உட்கார். வெட்டுவோம்" என்றார்.

யுத்த காலம். பிலிம் சுருள் கப்பலில் வரவேண்டிய சாமான். பதினோராயிரம் அடிக்கு மேல் படம் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு; அதாவது இரண்டு மணி நேரம். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து நானும் அவரும் நாடகத்தைப் பந்தாடினோம். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ராஜா வேஷக்காரரான ராஜபார்ட் மேடைக்கு வரும் வரவுப் பாட்டு மட்டும் நாற்பது நிமிஷம். எந்த ஊரில் ஆடுகிறாரோ அந்த ஊர்க் கோயில், குளம், சந்தை எல்லாவற்றையும் ராகம் போட்டுப் புகழ்ந்துவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார். விழுப்புரத்தில் அவர் ஜங்ஷனைப் புகழ்ந்தார். காட்பாடி போகும் வண்டி, பாண்டிச்சேரி போகும் வண்டி, திருச்சி போகும் வண்டி, எல்லாம் கல்யாணி ராகத்தில். டைரக்டர் அந்த நாற்பது நிமிஷத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினார்: "ராஜா வருகிறார்." அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு பாட்டு மூன்று நாளில் பதினெட்டாயிற்று. செய்தி வெளியே போனதும், பாட்டு போனவர்கள் ஒவ்வொருவராக மண்டிப் படியேறி வந்தார்கள். பபூன் வேஷக்காரர் கீழே மல்லாட்டை மூட்டை மேல் உட்கார்ந்து வெட்டுப்பட்ட தன் பாட்டை முழுக்கப் பாடி, கூலியாட்களை வேலை செய்யவிடாமல் அடித்தார். முதலாளி மனமிரங்கி அதைத் திரும்பச் சேர்த்தார். பத்தொன்பது.

எங்கள் பென்சில் நின்ற இடம் தர்க்கம். மேடையில் அது ஒன்றரை மணி நேரம் ஓடும். ராஜா ஒரு கேள்வி போடுவார், ஓடக்காரி பதில் போடுவாள், அதையே மடக்கிக் கேள்வியாக்குவாள். பாதி பாட்டு, பாதி பேச்சு. ஜனங்கள் அதற்காகத்தான் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மூன்று நாள் தர்க்கத்தையும் நான் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் சொன்னதை மறுநாள் அவள் சொல்லவேயில்லை. "பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு அடி தரமாட்டேன்" என்றார் டைரக்டர். மூன்று நாளிலும் சிறந்ததைப் பொறுக்கி நான் பத்து நிமிஷத் தர்க்கம் ஒன்று தைத்தேன். எனக்கே மார்பு விம்மியது.

அதைச் சொல்லிவிட்டு வர ஓடக்காரி வேஷம் கட்டும் அந்த அம்மாள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். மேடையில் ஆறடி மாதிரி தெரிந்தவர் நேரில் என் தோளுக்குத்தான் வந்தார். கொல்லையில் கேப்பை மாவைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கங்க அம்மா."

"அம்மாவா? உன் வயசுல எனக்குப் புள்ளையா இருக்குது? அக்கான்னு கூப்பிடு. உக்காரு. நீதான என் காலடியில குந்திக்கினு கிறுக்கிக்கினே இருந்தவன்? நான் கூட எவனோ என் மேல பெட்டிஷன் எழுதறான்னு பாத்தேன்."

படத்தில் தர்க்கம் பத்து நிமிஷம் என்றேன். சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"அதுல மைக்குன்னு ஒண்ணு இருக்குதாமே. முணுமுணுத்தா கூட கேக்குமாமே, மெய்யா?"

"மெய்தான்க்கா."

"அப்ப பத்து நிமிசம் என்னா, ரெண்டு நிமிசம் குடுத்தாலும் சரி." குரலைத் தாழ்த்தினார். "உன்னண்ட சொல்றேன், வெளியில சொல்லிக்கினு திரியாத. அஞ்சரைக் கட்டை சுருதியில பாடினவ நான். இப்ப நாலரை. ஆர்மோனியப் பெட்டிக்காரரு புண்ணியவான், யாருக்கும் தெரியாம எறக்கி எறக்கி வாசிக்கிறாரு. இன்னும் ரெண்டு வருசம் போனா தொண்டையில காத்துதான் வரும். இந்தப் படம் நல்லா வந்தா இன்னும் ரெண்டு படம் எடுக்கறேன், ரெண்டுலயும் நீதான்னு முதலாளி சொல்லியிருக்காரு. பொண்ணு அஞ்சாவது பாரம் படிக்குது. அது படிச்சு முடியற வரைக்கும் எனக்குத் தொண்டை வோணும், தம்பி. அவ்ளோதான்."

நான் எழுதிய தர்க்கத்தை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "நான் சொன்னத நானே படிக்கணுமா?" என்று சிரித்துவிட்டு, உறிமேல் செருகினார்.

இங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். படத்தில் நடிக்கும் ஒவ்வொருவர் கையிலும் முழு ஸ்கிரிப்ட் இருக்கவேண்டும் என்று ஸ்டேஷன் கடைப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஆகவே கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதி, ஒன்றை டைரக்டருக்கும் ஒன்றை ஆர்மோனியக்காரருக்கும் கொடுத்தேன். இன்னொன்றை ராஜபார்ட்டுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்பெஷல் நாடகத்தில் தர்க்கம் செய்கிற இருவர் மேடைக்கு வெளியே பேசிக்கொள்வதே கிடையாது. ராஜபார்ட்டும் அக்காவும் ஆறு வருஷம் ஜோடியாக ஆடியவர்கள். ஒரே ரயிலில் வந்தால் வேறு வேறு பெட்டியில் ஏறுவார்கள். ஒருவர் சரக்கு இன்னொருவருக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால் அந்தச் சரக்கு செத்தது. அதை மறுபடி மேடையில் எடுப்பது அவமானம். நான் அக்காவின் மொத்தச் சரக்கையும் மடித்து, ஸ்டாம்பு ஒட்டி, எதிராளி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

தை மாதம், பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஏரியில் படப்பிடிப்பு. ஏரி நிறையத் தண்ணீர். காமிரா கோணத்தில் அது ஆறாகிவிட்டது. பட்டணத்திலிருந்து சவுண்டு வண்டி வந்து கரையில் நின்றது. மூங்கில் கழி முனையில் மைக். ஆர்மோனியக்காரரைப் பெட்டியோடு பனைமரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். எந்த நாடகத்திலும் ஒளிந்து வாசித்தறியாத மனிதர், "நான் என்னா திருட்டு வேலையா செய்யறேன்?" என்று முனகிக்கொண்டே போனார்.

டைரக்டர் தர்க்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார். முதல் துண்டு: ராஜா கேட்கிறார், "பெண்பிள்ளை கையில் துடுப்பு எதற்கு?" ஓடக்காரி சொல்லவேண்டிய பதில் என் ஸ்கிரிப்டில் இருந்தது: "கரையேறத் தெரியாத ஆண்பிள்ளைகளுக்காக." முதலில் தூரத்திலிருந்து எடுப்பது, பிறகு அதையே முகத்தருகே எடுப்பது என்று ஏற்பாடு.

ராஜபார்ட் கிரீடம் இல்லாத தலையைச் சிலுப்பிக்கொண்டு கேள்வியைக் கேட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன்பே ராஜபார்ட்டின் உதடு அசைந்தது. அக்கா சொல்லப்போவதை அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்! அக்கா பார்த்துவிட்டார். ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். பிறகு ராஜாவிடம் சொன்னார்:

"அகப்பை பிடித்த கைதானே ஐயா! இது கொஞ்சம் நீளமான அகப்பை."

"கட்" என்றார் டைரக்டர். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது பேப்பர்ல இல்லியே. சரி, அதையே வச்சுப்போம். இப்ப கிட்டத்துல. அதே பதில்."

காமிரா நெருங்கியது. கேள்வி வந்தது. அக்கா துடுப்பை ராஜாவின் மார்பில் சாய்த்தார். "எதற்கா? இந்தாரும், நீரே தள்ளும். நான் ராஜாவாக உட்கார்ந்து வருகிறேன்."

"கட்! அம்மா, அகப்பை, அகப்பை!"

மூன்றாம் முறை. "துடுப்பு தண்ணீருக்கு, வாய் உமக்கு. எது வேண்டும்?"

காமிராக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் தலையைக் கறுப்புத் துணிக்குள் நுழைத்துக்கொண்டார். டைரக்டர் சிரிக்கவில்லை. "கண்டினியூட்டி" என்றார். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது: தூரத்தில் ஒரு பதிலும் கிட்டத்தில் வேறு பதிலும் இருந்தால் படம் ஒட்டாது. மாலை வெளிச்சம் மங்கும்வரை இதே கதை. ஒருதரம் சொன்னதை மறுதரம் சொல்ல அக்காவுக்கு நாக்கு வரவில்லை. சொல்ல முயன்றபோதோ, மனப்பாடம் ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளை மாதிரி இருந்தது.

டைரக்டர் முதலாளியைத் தனியே அழைத்துப்போனார். அவ்வளவு தனியே இல்லை, எனக்குக் கேட்டது.

"பட்டணத்துல ஒரு பொண்ணு ரெடியா இருக்கு, முதலாளி. சொன்னதைச் சொல்லும். நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம். இந்த சீன் வரலேன்னா அந்தப் பொண்ணை வச்சுத்தான் படம். பிலிம் என் வீட்டுக் கிணத்துல ஊறலை."

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. "பேஜாராப் பூடுச்சே" என்றார்.

அக்கா கரையோரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினார்.

"காகிதத்த அந்தாளுக்கு ஏன்டா குடுத்த? என் அடுக்களைய தொறந்து காட்டின மாதிரி இல்ல இருக்குது? இனிமே அதுல ஒரு வரிய நான் தொடமாட்டேன்."

"தப்புதான்க்கா. தெரியாம செஞ்சிட்டேன். ஆனா புதுசா சொன்னதையாவது ரெண்டு வாட்டி சொல்லலாமே?"

"எப்பிடி சொல்றது? மொத வாட்டி சொல்றப்ப அந்தாளு மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது பாரு, அதப் பாத்துதான் எனக்கு அடுத்தது வரும். ரெண்டாம் வாட்டி அந்த மூஞ்சி செத்த மீனு மாதிரி கெடக்குது. எதுக்க ஆளும் இல்ல. கொட்டகையில ஆயிரம் பேரு இருப்பான். இங்க ஒரு கறுப்புக் கண்ணாடி." கொஞ்சம் நிறுத்தி, ஏரியைப் பார்த்தபடி, "பொண்ணுக்கு லெட்டர் வேற போட்டுட்டேன், நான் இனிமே ராவெல்லாம் முழிக்கவேணாம்னு" என்றார்.

சவுண்டு வண்டிப் பக்கம் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தேன். காமிராக்காரர் சுருளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு முழுச் சுருள் எவ்வளவு ஓடும் என்று கேட்டேன். ஆயிரம் அடி, பத்து நிமிஷம் சொச்சம் என்றார். நான் அப்படியே டைரக்டரிடம் ஓடினேன்.

"சார், தர்க்கம் பத்து நிமிஷம். சுருளும் பத்து நிமிஷம். நிறுத்தாம ஒரே மூச்சுல எடுத்தா என்ன? ஒரே ஒரு தரம். அவங்க திருப்பிச் சொல்லவே வேண்டாமே!"

"குளோஸப்?"

"காமிராவை ஒரு கட்டைவண்டி மேல வச்சு, மெதுவா நகர்த்திக்கிட்டே கிட்ட போயிடலாம் சார். பத்திரிகையில படம் போட்டிருந்தான்."

"நடுவுல ஒரு காக்கா கத்தினா ஆயிரம் அடியும் போச்சு."

"இன்னிக்கு எவ்வளவு போச்சு சார்?"

முதலாளி, "தம்பி சொல்றது ஞாயமாத்தான் இருக்குது" என்று தராசில் என் பக்கம் ஒரு மூட்டையை இறக்கினார். எதிரே ஆள் இல்லாதது அக்காவுக்குக் கஷ்டம் என்றும் சொன்னேன். ஊர் ஜனங்களை எதிரே உட்காரவைத்து, சிரிக்காமலிருக்க ஆளுக்கொரு துண்டை வாயில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றேன்.

டைரக்டர் முதல்முறையாக என்னைக் கவனமாகப் பார்த்தார். "துண்டு எதுக்கு? இது ஓடத்துறை. ஓடத்துக்குக் காத்திருக்கிற ஜனங்க இருக்கமாட்டாங்களா? காமிராவுக்குள்ளேயே நிக்கட்டும். சிரிக்கட்டும்." பிறகு விரலை நீட்டினார். "ஒரே ஒரு சுருள். அதுக்கப்புறம் பட்டணத்துப் பொண்ணு."

மறுநாள் காலையில் துறை நிரம்பிவிட்டது. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக்காலோடு வந்தார்கள். மோர்க்காரி கூடையோடு வந்தாள். மணியக்காரர் அங்கவஸ்திரத்தோடு வந்தார். டைரக்டருக்கு ஊர் வழக்கம் தெரியாது. உயரம் பார்த்து எல்லாரையும் கலந்து ஒரே வரிசையில் நிறுத்தினார். நடவுப் பெண்கள் தாமாகவே நாலடி தள்ளிப் போனார்கள். "ஏம்மா விலகறீங்க? ஓட்டமா ஓடி வாங்க, நடுவுல" என்றார். மணியக்காரர் ஒருமுறை செருமினார். வரிசையை விட்டுப் போய்விடுவாரோ என்று பார்த்தேன். காமிராவைப் பார்த்தார், நடவுப் பெண்களைப் பார்த்தார், காமிராவே ஜெயித்தது. முதலாளியும் தானே வந்து நின்றுகொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்ற வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"ஸ்டார்ட்" என்றார் டைரக்டர். பனைகளுக்குப் பின்னாலிருந்து ஆர்மோனியம் ஊதியது.

"ஆற்றைக் கடக்கக் கூலி கேட்கிறாயே, ஆறு உனக்குச் சொந்தமா?" ராஜபார்ட் எடுத்தவுடன் புதுக்கேள்வி. ராத்திரி தூங்காமல் தயாரித்திருக்க வேண்டும்.

"ஆறு எனக்குச் சொந்தமில்லை ஐயா. நனையாமல் போவதுதான் என் சரக்கு. ஆறுதான் வேண்டுமென்றால் சும்மாவே இறங்கிக்கொள்ளும்!"

நடவுப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் அக்கா இரண்டங்குலம் வளர்ந்துவிட்டார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன், பார்ப்பதா எழுதுவதா?

"நாடாளும் மன்னன் நான் என்றால் நம்புவாயா?"

"செருப்புத் தேய்ந்த மன்னனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

"உன் ஓடத்தில் ஓட்டை இருக்கிறதே?"

"உம் பேச்சில் இருப்பதைவிடச் சின்னதுதான்."

"கேளு, நல்லா கேளு!" என்று கூவினாள் ஒரு நடவுக்காரி, தன்னை மறந்து. டைரக்டர் கை உயர்ந்தது. அக்கா அவள் பக்கம் லேசாகத் திரும்பி, "கேட்கிறேன் தாயே, ஆள் முதலில் பதில் சொல்லட்டும்" என்று பாட்டோடு பாட்டாகச் சேர்த்துவிட்டார். கை இறங்கியது. கட்டைவண்டி மேல் காமிரா நகர்ந்துகொண்டேயிருந்தது.

ஏழாவது நிமிஷத்தில் ஒரு மேல்ஸ்தாயியில் அக்காவின் குரல் பிளந்தது. அவர் அந்த வரியைப் பாடாமல் பேச்சாக முடித்தார். கோபத்தில் குரல் கம்மியது போலவே இருந்தது.

எட்டாவது நிமிஷத்தில் வேறொரு விபத்து. ராஜபார்ட் நின்றுவிட்டார். என் காகிதத்தை நம்பி, அதிலிருந்த பதில்களுக்கெல்லாம் மறுகேள்வி மனப்பாடம் செய்திருந்த மனிதர். அக்கா அதில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. புதிதாகச் செய்துவைத்த கேள்விகளும் தீர்ந்துபோயின. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஆர்மோனியம் அதே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேடையாக இருந்தால் அது அக்காவுக்கு வெற்றி. ஜனங்கள் விசில் அடிப்பார்கள், எதிராளி தலைகுனிந்து போவார். இங்கே அது ஆயிரம் அடி பிலிம். அவர் நின்றால் சீன் நிற்கும். சீன் நின்றால் பட்டணத்துப் பெண்.

அக்கா அவரைப் பார்த்தார். துடுப்பைத் தண்ணீரில் ஒருமுறை அளைந்தார். ஆறு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். எதிராளிக்குக் கேள்வி எடுத்துக் கொடுத்தார். மெதுவாகப் பாடினார்:

"எல்லாம் கேட்டீரே ஐயா, அக்கரையில் எனக்கு யாரென்று கேட்கவில்லையே..."

ராஜபார்ட்டின் முகத்தில் உயிர் வந்தது. "கேட்கிறேன் பெண்ணே! அக்கரையில் உனக்கு யார்?"

"யாருமில்லை. அதனால்தான் தினமும் திரும்பி வருகிறேன்."

துறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சேற்றுக்காலோடு நின்ற ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள், மைக்குக்கு நன்றாகவே கேட்கும்படி. ராஜபார்ட் எந்த வசனமும் சொல்லாமல் ஓடத்தில் ஏறி, துடுப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். காமிராவுக்குள் சுருள் தீர்ந்து பட்பட்டென்று அடித்தது.

டைரக்டர் காமிராக்காரரிடம், "வந்துதா?" என்றார்.

"வந்துது சார்."

"அப்ப பட்டணத்துக்குத் தந்தி அடிச்சிடு. அந்தப் பொண்ணு வரவேண்டாம்."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியே போய் அக்காவிடம் செய்தி சொன்னார். அக்கா கும்பிட்டார். ராஜபார்ட் ஓடத்திலிருந்து இறங்கும்போது அவரிடம் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். மேடைக்கு வெளியே அவர்கள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னார் என்று அப்புறம் அக்காவைக் கேட்டேன். "அடுத்த ஊருல பாத்துக்கறேன்றாரு, கொழுப்பப் பாரு" என்றார், சந்தோஷமாக.

ஆறு மாதம் கழித்துப் படம் விழுப்புரத்துக்கு வந்தது. டெண்ட் கொட்டகை, மாலை ஆட்டம். அக்கா தன்னைத் திரையில் பார்த்ததேயில்லை. யாருக்கும் தெரியாமல் பார்க்கவேண்டும் என்று முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மணலில் போய் உட்கார்ந்துகொண்டார். நடுவில் இடுப்புயரத் தட்டி. இந்தப் பக்கம் நானும் முதலாளியும். அடுத்த படத்துக்கு முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி ஒரு வாரமாகியிருந்தது. அதற்கும் எழுத என்னைத்தான் போட்டிருந்தார். கடலூர் நாற்காலியைப் பற்றி அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்.

தர்க்கம் வந்தது. கொட்டகை அதிர்ந்தது. "உன் ஓடத்தில் ஓட்டை இருக்கிறதே?" என்று திரையில் ராஜா கேட்டபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா தொடையைத் தட்டிக்கொள்வது கேட்டது.

"சே! அப்ப தோணலியே! 'நேத்து வரைக்கும் இல்ல ராசா, கனமா ஒரு பொய் ஏறினதும் வுழுந்துடுச்சி'ன்னு இல்ல சொல்லியிருக்கணும்!"

அடுத்த கேள்விக்கும் அவரிடம் வேறு பதில் இருந்தது. அதற்கடுத்ததற்கும். முக்காட்டுக்குள்ளிருந்து அவர் திரையில் இருந்த ராஜாவோடு புதிதாக ஒரு தர்க்கமே நடத்திக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றும் படத்திலிருந்ததைவிட ஒரு படி மேல். நான் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மடியில் குழந்தையோடு வெடுக்கென்று திரும்பினாள்.

"சும்மா இரேன்மா செத்த! அந்தம்மா இன்னா பேசுதுன்னே காதுல வுழல!"